பந்து மலைப்பாம்புக்கு எவ்வளவு பெரிய எலி?

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், ஊய்தா என்ற ஊரில், மலைப்பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. நேர் எதிரே கத்தோலிக்கத் தேவாலயம். கோயிலுக்குள் சுவரோரமும் தரையிலும் பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். அந்த வட்டாரத்து மக்களுக்கு அவை தெய்வம். கல்லெடுத்து அடிக்கிற வழக்கம் கிடையாது. அவ்வப்போது இரவில் பாம்புகளை வெளியே விடுவார்கள். அவை ஊருக்குள் ஊர்ந்துபோய் எலியோ கோழிக்குஞ்சோ கிடைத்ததைப் பிடித்துத் தின்னும். வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்பை வீட்டுக்காரர்களே பத்திரமாகத் தூக்கிவந்து கோயிலில் சேர்த்துவிடுவார்கள்.

அந்தப் பாம்புக்கு எந்த எலியைப் பிடிப்பது, எதை விட்டுவிடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே இனப் பாம்பு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்கிறது. அங்கே இரையைத் தேர்ந்தெடுப்பது வளர்ப்பவர். பெரிய தவறுகள் நடப்பதும் அந்த இடத்தில்தான். தவறு பெரும்பாலும் ஒரே திசையில் போகிறது: தேவைக்கு மேல் பெரிய இரை, தேவைக்கு மேல் அடிக்கடி.

பைத்தான் ரீஜியஸ் என்பது இந்தப் பந்து மலைப்பாம்பின் விலங்கியல் பெயர். 1802இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் இந்த இனத்தை முதலில் விவரித்தார். பயந்தால் தலையை நடுவில் ஒளித்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். செனகல் முதல் உகாண்டா வரை புல்வெளிகளிலும் விளைநிலங்களின் ஓரங்களிலும், எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒண்டி வாழும். மலைப்பாம்பு என்றதும் ஆட்டை விழுங்கும் உருவம் நினைவுக்கு வரலாம். இது அவ்வளவு பெரிதல்ல. வளர்ந்த பாம்பு மூன்று முதல் ஐந்து அடி நீளம். பெண் பாம்பு ஆணைவிடப் பருமன். நன்கு வளர்ந்த பெண் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை இருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிக்கு ஐம்பது, அறுபது கிராம்தான்.

காட்டில் இது என்ன தின்கிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. லூக்கா லூயிசெல்லி, பிரான்செஸ்கோ ஆஞ்செலிச்சி என்ற இரு இத்தாலிய ஆய்வாளர்கள் தென்கிழக்கு நைஜீரியாவில் நடத்தியது, 1998இல் வெளியானது. எழுபது சென்டிமீட்டருக்குக் குறைவான பாம்புகள் பெரும்பாலும் சிறு பறவைகளைத் தின்றன. ஒரு மீட்டரைத் தாண்டியவை எலி போன்ற சிறு பாலூட்டிகளுக்கு மாறிவிட்டன. மரமேறும் பழக்கம் அதிகமுள்ள ஆண்களின் இரையில் பறவைகளே கூடுதல். பாம்பின் உடல் வளர வளர இரையும் மாறுகிறது. வளர்ப்புப் பாம்புக்கும் அந்த ஏணியை ஒவ்வொரு படியாக ஏறவைப்பதுதான் வளர்ப்பவரின் வேலை.

கானா, டோகோ, பெனின் ஆகிய மூன்று நாடுகளிலிருந்துதான் இந்தப் பாம்புகள் உலகச் சந்தைக்கு அதிகமாகப் போயின. கள்ளக்கடத்தல் வழியாக அவை தமிழ்நாட்டுக்கும் வருகின்றன. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்து, கேட்பாரின்றிக் கிடந்த பைகளிலிருந்து சுங்கத்துறையினர் 45 பந்து மலைப்பாம்புகளை எடுத்தார்கள். இந்தியாவில் நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கவே கூடாது. வெளிநாட்டு இனங்களில், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பந்து மலைப்பாம்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இரையின் அளவுக்கு வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு எளியது. பாம்பின் உடம்பில் எந்த இடம் மிகத் தடிமனோ அந்தத் தடிமனுக்கு எலியின் இடுப்பு இருக்கலாம். மிஞ்சிப்போனால் அதைவிடக் கால் பங்கு கூடுதல். பார்க்க வேண்டியது உடம்பின் நடுப்பகுதியை, தலையை அல்ல. பாம்பின் தலை கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் எதிரே ஒரு முழு எலியை வைத்துப் பார்க்கிற புதியவர்களுக்கு ‘இது எப்படி உள்ளே போகும்?’ என்று பயம் வரும். ஆனால் போய்விடும்.

போய்விடுவதற்குக் காரணம் தாடை. மனிதனுக்குக் கீழ்த்தாடை முகவாயில் ஒரே எலும்பாக ஒட்டியிருக்கிறது. பாம்புக்கு அது இரண்டு தனித்தனித் துண்டுகள். நடுவில் இழுபடும் தசைநார்தான் பிணைப்பு. மண்டையோட்டுக்கும் தாடைக்கும் நடுவே அசையக்கூடிய இன்னொரு எலும்பு உண்டு. வாய் அகலத் திறப்பதற்கு அது வழிவிடுகிறது. தாடைகளுக்கு இடையிலுள்ள தோலும் நன்றாக விரியும். ஒருபக்கத் தாடை எலியைக் கவ்விப் பிடித்திருக்க, மறுபக்கத் தாடை முன்னே நகர்ந்து கவ்வும். இப்படி இடமும் வலமும் மாறி மாறி, பாம்பு தன் தலையையே எலியின் மேல் நடத்திக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் மூச்சுக்குழலின் வாயைக் கீழ்த்தாடைக்கு மேலே முன்னே தள்ளி வைத்துக்கொள்ளும், மூச்சு தடைபடாது.

ஆகவே வாயை மட்டும் கேட்டால் அது எவ்வளவு பெரிய இரைக்கும் சம்மதிக்கும். வயிற்றைக் கேட்டால் பதில் வேறு.

இதை விளக்கும் முக்கியமான ஆராய்ச்சிகள் பந்து மலைப்பாம்பின் பெரிய உறவான பர்மிய மலைப்பாம்பில் நடந்தவை. அமெரிக்க உடலியலாளர் ஸ்டீபன் சேகோரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் குட்டிப் பாம்புகளுக்கு வெவ்வேறு அளவில் இரை கொடுத்து அளந்தார்கள். இரை இறங்கியதும் உடல் எரிக்கும் ஆற்றல், பட்டினிக் காலத்தில் இருந்ததைவிட 44 மடங்கு வரை உயர்ந்தது. ஒடுங்கிக் கிடந்த சிறுகுடல் ஓரிரு நாளில் பருத்தது. 2005இல் வந்த இன்னொரு ஆய்வு, இரை எடுத்த 48 மணி நேரத்தில் இதயத் தசையே 40 சதவீதம் பெருத்துவிடுவதைக் காட்டியது. எல்லாம் செரித்து முடிந்ததும் அத்தனை உறுப்புகளும் பழையபடி சுருங்கிவிடும். இரை பெரிதாகப் பெரிதாக உடலின் உழைப்பும் கூடுகிறது. வெளியே அசையாமல் படுத்திருக்கும் பாம்பின் உள்ளே அப்போது பெரும் வேலை நடக்கிறது. அந்த வேலை முடிவதற்குள் அடுத்த எலியை நீட்டுவது பாம்பைப் பார்த்துக்கொள்வதாகாது.

எனவே கண் அளவோடு தராசும் வேண்டும். கிராம் காட்டும் சாதாரண டிஜிட்டல் சமையல் தராசே போதும். பாம்பை ஒரு டப்பாவில் விட்டு மூடி எடை பார்த்து, டப்பாவின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். வயிறு காலியாக இருக்கும்போது, அதாவது கழிவு போட்ட பிறகு, அடுத்த இரைக்கு முன்னால் நிறுப்பதுதான் சரி.

குட்டிப் பாம்புக்கு அதன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம், வாரம் ஒருமுறை. அறுபது கிராம் குட்டி என்றால் ஆறு முதல் ஒன்பது கிராம் இரை. பிறந்து ஓரிரு நாளான, இன்னும் முடி முளைக்காத எலிக்குஞ்சு ஒன்று, அல்லது துள்ளத் தொடங்கிய சுண்டெலிக் குஞ்சு ஒன்று. பாம்பு அரைக் கிலோவை எட்டும்போது ஏழு முதல் பத்து சதவீதம். அதாவது தாய்ப்பால் மறந்த இளம் எலி, முப்பத்தைந்து முதல் ஐம்பது கிராம், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று. முழுதாக வளர்ந்த பாம்புக்கு ஐந்து சதவீதமே தாராளம். ஒன்றரைக் கிலோ பெண் பாம்புக்கு எழுபத்தைந்து கிராம் எலி ஒன்று கொடுத்தால் மூன்று, நான்கு வாரம் தாங்கும். கடையில் ‘சின்ன எலி’ என்று விற்கும் அளவே இதற்குப் போதுமானது. அலமாரியில் இருக்கும் இருநூறு, முந்நூறு கிராம் எலிகள் இந்த இனத்துக்குத் தேவையே இல்லை.

சதவீதம் குறைந்துகொண்டே வருவது பலருக்கும் நெருடுகிறது. வளர்ந்த பாம்புக்கு அதிகம் வேண்டாமா என்பார்கள். குட்டி தன் உடலையே கட்டி எழுப்புகிறது. வளர்ந்தது, மறைவிடத்தில் சுருண்டு கிடப்பதிலேயே நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. குளிர் இரத்தப் பிராணி என்பதால் உடம்பைச் சூடாக வைத்திருக்கவும் ஆற்றலைச் செலவிடுவதில்லை.

தடிமன், எடை என்ற இந்த இரண்டு அளவுகோல்களிலும் ஒரு சிக்கல் உண்டு. அது பேசப்படுவது குறைவு. கொழுத்த பாம்பின் தடிமனும் எடையும் கூடியிருக்கும். தடிமனைப் பார்த்தாலும் எடையைப் பார்த்தாலும் கணக்கு இன்னும் பெரிய எலியைத்தான் காட்டும். அதைத் தின்று பாம்பு மேலும் கொழுக்கும். ஆகவே எண்களுக்கு முன்னால் உடம்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். நல்ல உடற்கட்டுள்ள பந்து மலைப்பாம்பின் நடுவுடல், முனைகள் மழுங்கிய முக்கோணம்போல் இருக்கும். முதுகெலும்பு லேசாகத் தெரியும், துருத்தாது. முதுகு கூர்ந்து பக்கங்கள் ஒட்டியிருந்தால் மெலிவு. நேராகக் கிடக்கும்போதும் செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால், வளையும் இடங்களில் கொழுப்பு மடிப்பு விழுந்தால், வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் உப்பியிருந்தால் அது கொழுப்பு. கல்லீரலில் கொழுப்பு படிவதும் இப்படிக் கொழுப்பதால் வரக்கூடும். அப்படிப்பட்ட பாம்புக்கு எலியின் அளவைக் குறைத்து, இடைவெளியையும் நீட்ட வேண்டும்.

இந்தப் பாம்புகள் வளர்ப்பில் இருபது, முப்பது ஆண்டு சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961இல் ஒருவர் கொடுத்த பெண் பாம்பு, 2020 ஜூலையில் ஏழு முட்டைகள் இட்டது; அப்போது அதன் வயது அறுபதைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அத்தனை நீண்ட ஆயுளில், வாரம்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் கொடுக்கும் பழக்கம் எவ்வளவு சேரும் என்பதை வளர்ப்பவர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அளவு சரியாக இருந்தாலும் எலி எந்த நிலையில் போகிறது என்பது முக்கியம். உயிருள்ள வளர்ந்த எலியைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு வளர்ப்பவர் தூங்கப் போய்விட்டால், பசியில்லாத பாம்பைப் பசித்த எலி கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு வெளியே தெரியும் அளவுக்குக் கடிபட்ட பாம்புகளும் உண்டு. எலி பெரிதாக இருந்தால் ஆபத்தும் அதற்கேற்பக் கூடும். அதனால் அனுபவசாலிகள் உறையவைத்த எலியையே வாங்குகிறார்கள். முந்தைய இரவு ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாள் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வெந்நீரில் மிதக்கவிடுவார்கள். மைக்ரோவேவ் கூடாது; ஒருபக்கம் வெந்து, மறுபக்கம் பனிக்கட்டியாக இருக்கும். வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே குளிர்க்கட்டி இல்லை என்று உறுதி செய்த பிறகு, தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்க வேண்டும். பாம்பின் மேலுதட்டில் வரிசையாக உள்ள சிறு குழிகள் வெப்பத்தை உணர்பவை. நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து மறைவிடத்தின் வாசலில் மெல்ல அசைத்தால், தலை மெதுவாகத் திரும்பும், நாக்கு வேகமெடுக்கும், கழுத்து ‘எஸ்’ வடிவில் பின்வாங்கும். அடுத்த கணம் எலி சுருளுக்குள் இருக்கும்.

விழுங்கியபின் நடுவுடலில் லேசான புடைப்பு ஒரு நாள், இரண்டு நாள் தெரிவது இயல்பு. புடைப்பே தெரியவில்லை என்றால் இரை போதவில்லை என்று பலர் சொல்கிறார்கள். எடை சீராக ஏறுகிற குட்டிக்கு அந்தக் கவலை வேண்டாம். நான்கைந்து நாளாகியும் கட்டி அப்படியே நின்றால் இரை பெரிது, அல்லது தொட்டியில் சூடு போதவில்லை. சூடான மூலையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருந்தால்தான் செரிமானம் ஒழுங்காக நடக்கும். இரை எடுத்து 48 மணி நேரத்துக்குப் பாம்பைக் கையில் எடுக்கவும் கூடாது.

இதில் ஏதாவது தவறினால் பாம்பு இரையைக் கக்கிவிடும். பாதி செரித்த எலி, பொறுக்க முடியாத நாற்றம். அடுத்த நாளே இன்னொரு எலி கொடுத்து ஈடுகட்டும் ஆசை வரும். அதைச் செய்யவே கூடாது. வயிற்று அமிலம் உணவுக்குழலைப் புண்ணாக்கியிருக்கும். பத்துப் பதினான்கு நாள் தண்ணீரும் சூடும் மட்டும் கொடுத்து அப்படியே விட்டு, பிறகு வழக்கமான அளவில் பாதி எலி. மறுபடியும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

பட்டினி இதற்கு நேர்மாறான கவலை. பந்து மலைப்பாம்பு, குறிப்பாக வளர்ந்த ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் வாய் திறக்காது. சட்டை உரிக்கும் முன் கண் மங்கலாகும் நாட்களிலும் பெரும்பாலும் இரையைத் தொடாது. வளர்ப்பவர் பதறிப்போய், நாளாகிவிட்டதே என்று இன்னும் பெரிய எலியை நீட்டுவார். நீட்ட வேண்டியது சின்னதை. வெகுநாள் ஒடுங்கிக் கிடந்த குடல் சிறிய இரையில்தான் திரும்ப வேலையைத் தொடங்க முடியும். தயங்குகிற பாம்பும் சின்ன எலிக்கு எளிதில் இணங்கும். மறுத்தால் எலியை எடுத்துவிட்டு ஒரு வாரமாவது கழித்து மறுபடி முயலலாம். இடையில் தராசு பார்த்துக்கொண்டால் போதும். பட்டினி தொடங்கியபோது இருந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அல்லது மூச்சில் குறுகுறுப்புச் சத்தமோ வாயோரம் சளியோ தெரிந்தால், எலியின் அளவைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.