காதுக்கு ஒரு சாண் தூரத்தில்

கழுத்தில் அணியும் ஸ்பீக்கர் வேண்டுமென்று கடையில் கேட்டால், பெரும்பாலும் ‘நெக்பேண்ட்’டை எடுத்து நீட்டுவார்கள். பட்டை கழுத்தில் கிடந்தாலும் அது காதுத் துளைக்குள் சொருகும் இயர்போன்தான். கழுத்து ஸ்பீக்கர் வேறு சாதி. காதுக்குள் எதுவும் போகாது. தோள்மேல் கிடக்கும் வளையத்திலிருந்து ஒலி மேல்நோக்கி எழுந்து, திறந்திருக்கும் காதுக்கு வந்து சேரும். போஸ் நிறுவனத்தின் சவுண்ட்வேர் கம்பேனியன் 2017-ல் வந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானில் ஷார்ப் நிறுவனம், டி.வி. பார்ப்பவர்களை மனதில் வைத்து வெறும் 88 கிராமில் ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தே வேலை என்றாகிவிட்ட 2021-ல் சோனி, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மாடல்களை வெளியிட்டது. அலுவலகப் பேச்சுக்கு 113 கிராம் எடையுள்ள என்பி10; சினிமாவுக்கு 319 கிராம் எடையுள்ள என்எஸ்7.

ஒரே நிறுவனம் ஏன் இத்தனை வேறுபட்ட இரண்டைச் செய்தது என்ற கேள்வியில்தான் ஒப்பிடும் வழியும் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து இதை வாங்கக் கூடாது. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் தூரம்தான். இந்தக் கருவியின் வலிமை, பலவீனம் இரண்டுமே அந்த ஒரு சாணிலிருந்துதான் வருகின்றன.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி அழுத்தம் பாதியாகும். டெசிபல் கணக்கில் 6 குறையும். காதிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி, 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரை எட்டும்போது 20 டெசிபல் குறைந்திருக்கும். அறைக்குள் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் இவ்வளவு குறையாது; ஆனாலும் கணிசமாகக் குறையும். அணிந்தவருக்குத் தெளிவாகக் கேட்கும் பேச்சு, பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு முணுமுணுப்பாகத்தான் போய்ச் சேரும். முணுமுணுப்பும் சத்தம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நள்ளிரவில், ஒரே அறையில் இன்னொருவர் தூங்கும்போது இது ஹெட்போனுக்கு ஈடாகாது.

இதைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. விளம்பரங்களில் அதிகம் பேசப்படாதது. நம் வீடுகளின் கூடத்தை நினைத்துப் பாருங்கள். தரையில் டைல்ஸ், பூசி வண்ணமடித்த சுவர், கான்கிரீட் கூரை. ஒலியை உறிஞ்ச அங்கே துணியோ கம்பளமோ அதிகம் இல்லை. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் டி.வி.யிலிருந்து நேராக வரும் ஒலியைவிட, சுவரிலும் தரையிலும் பட்டுச் சிதறி வரும் ஒலியே அதிகமாக நம் காதில் விழுகிறது. பேச்சில் உயிரொலிகள் வலுவானவை, நீளமானவை. ச, த, ப போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை, நொடியில் மறைபவை. ஒரு சொல்லின் உயிரொலி அறையில் எதிரொலித்து முடிவதற்குள் அடுத்த சொல்லின் மெய்யொலி வந்துவிடுகிறது. அதன் கீழே புதைந்தும் போகிறது. வயதாகும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் அந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. “சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை” என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். டி.வி. ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடுகிறது. தெளிவு அப்படியேதான் நிற்கிறது. வீட்டில் சண்டை மட்டும் கூடுகிறது. ஸ்பீக்கரைக் கழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், நேரொலி எதிரொலியை மிஞ்சிவிடும். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ வாங்குவதாக இருந்தால், எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் அவர்களுக்கு வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது தாமதம். ப்ளூடூத் வழியாகப் போகும் ஒலி முதலில் சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, பிறகு விரிக்கப்படுகிறது. எல்லாக் கருவிகளிலும் இருக்கும் எஸ்பிசி முறையில் இதற்குப் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. படத்துக்குப் பின்னால் ஒலி ஏறத்தாழ 125 மில்லி விநாடி பிந்தினால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒலி முந்தினால் 45 மில்லி விநாடியே போதும். ஆகவே, வாய் ஒருபுறமும் பேச்சு ஒருபுறமுமாகப் போவது மலிவு மாடல்களில் மட்டும் வரும் கோளாறில்லை, ப்ளூடூத்தின் இயல்பு. உதட்டசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்ளும் முதியவருக்கு இது பெரிய இடைஞ்சல்.

தீர்வு இருக்கிறது. டி.வி.யில் செருகும் தனி டிரான்ஸ்மிட்டருடன் வரும் மாடல் என்றால் நல்லது. ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்ஸி முறையில் தாமதம் 40 மில்லி விநாடி அளவுக்கு இறங்கும். ஆனால் அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டிலும் அந்த வசதி வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் பயனில்லை. வீட்டு டி.வி.யில் ப்ளூடூத் இருக்கிறதா, இல்லாவிட்டால் ஆப்டிகல் அல்லது ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பின்புறத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். செல்போனில் படம் பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. பல செயலிகள் படத்தையும் அதே அளவு பிந்த வைத்துச் சரிசெய்துவிடும். விளையாட்டில் அப்படிச் செய்ய முடியாது, பொத்தானை அழுத்துவது நாமல்லவா. அதனால்தான் பானசோனிக் விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்த சவுண்ட்ஸ்லேயர் ஜிஎன்01-ஐ, 2021-லும் யுஎஸ்பி ஒயரோடு வெளியிட்டது.

அடுத்தது இசை; அதில் சிக்கல் தாழ்ந்த ஒலிகளில்தான். ஒலியின் வலு குறையாமல் அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்க வேண்டுமானால், ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். விரலகலக் கூம்பால் அது முடியாது. கூம்பின் முன்னால் எழும் அலையைப் பின்னால் எழும் அலை அழித்துவிடாமலிருக்க, அடைப்புக்குள் காற்றுக்கு இடமும் வேண்டும். கழுத்தில் அந்த இடம் எங்கே? சோனி என்பி10-ல், மின்சாரம் இல்லாமல் உள்காற்றின் அழுத்தத்தாலேயே அசையும் துணைச் சவ்வைச் சேர்த்தார்கள். போஸ், வளையத்தின் உள்ளேயே நீண்ட ஒலிப்பாதையை வைத்துத் தாழ்ந்த ஒலிகளின் ஆழத்தைக் கூட்டியது. அதன் எடையும் அதற்கேற்ப 250 கிராமைத் தாண்டியது. சில மாடல்கள் வளையத்தையே அதிரவிட்டு, கேட்காததைத் தோளுக்கு உணர்த்துகின்றன. கேட்டுப் பார்க்கும்போது வயலினையோ பெண் குரலையோ போடாதீர்கள். எல்லாக் கருவியிலும் அவை நன்றாகவே ஒலிக்கும். மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பி வரும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். வலந்தலை மட்டும் கேட்டுத் தொப்பி காணாமல் போனால், அது பேச்சுக்கான கருவி, இசைக்கு உதவாது.

எடையை எண்ணாகப் பார்ப்பதைவிட உடம்பால் பார்ப்பது மேல். 319 கிராமும் இரண்டு மணிநேரப் படத்துக்குத் தாங்கும். எட்டு மணிநேர வேலைக்குப் பிடரியும் தோளும் கடுக்கும். அணிந்துகொண்டு குனியுங்கள், திரும்புங்கள், கீழே விழுந்ததை எடுங்கள். முன்னே சரிகிற வளையம் சமையலறைக்கு ஆகாது. போனில் பேச வேண்டுமானால் கடையிலிருந்தே ஒருவரை அழைத்து, மறுமுனையில் அவர் குரலே திரும்பி அவருக்குக் கேட்கிறதா என்று விசாரியுங்கள். ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே வளையத்தில் இருப்பதால் இது அடிக்கடி வரும் குறை. காது அடைபடாததால் நம் குரல் நமக்கு இயல்பாகக் கேட்பது, நாளெல்லாம் பேசும் வேலையில் இருப்பவர்களுக்கு உண்மையான ஆறுதல். வியர்வையில் காது ஈரமாகி அரிப்பெடுக்கும் தொல்லையும் இல்லை.

பேட்டரி நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது மிதமான ஒலியில் அளந்தது. 10 டெசிபல் கூட்டினால் ஸ்பீக்கருக்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. நீர்த்தடுப்புக் குறியீடு ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். மழையில் நனையவோ, நீரில் முக்கவோ அது அனுமதியாகாது.

பேருந்துக்கும் சாலைக்கும் இதை வாங்காதீர்கள் என்பதே என் திடமான எண்ணம். வெளிச்சத்தத்தை இது துளியும் தடுக்காது. அதை மிஞ்ச ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். பக்கத்து இருக்கைக்காரரையும் துன்புறுத்துவோம். உலக சுகாதார அமைப்பு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணிநேரம் வரை என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். காது திறந்திருக்கிறது என்பதால் செவி நரம்புக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை.

கடைசியாக, வாங்குவதற்கு முன் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று. ஸ்பீக்கர் என்றால் உள்ளே காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு அது பெரும்பாலும் இடது காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும். இந்த வளையத்தின் முனை வந்து படுவதும் ஏறத்தாழ அங்கேதான். காந்தமுள்ள செல்போன், கைக்கடிகாரம் போன்றவற்றை இதயக் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம். கழுத்து ஸ்பீக்கரில் அந்த 15 செ.மீ. கிடைக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு, டி.வி. பார்க்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, காதுயரத்தில் ஒரு சிறிய ஸ்பீக்கரை வையுங்கள். ஒரு சாண் தூரம் இரண்டு முழமாகும், அவ்வளவுதான்; மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் டி.வி.யைவிட அதில் பேச்சு தெளிவாகப் புரியும்.