அச்சில் வந்த குடும்ப வரலாறு

அச்சேறிய எழுத்துக்கு நம்மிடையே தனி மதிப்பு உண்டு. பாட்டி சொன்னால் கதை. அதையே புத்தகத்தில் கண்டால் சான்று! குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் பலர் வழுக்கி விழும் இடம் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மறைந்தார். 16-ஆம் நாள் கருமக்கிரியையன்று நினைவு மலர் ஒன்று வெளியிட்டனர். அவருடைய தந்தையார் 1921-இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார் என்பது அதில் ஒரு வரி. அண்மையில் பெரியவரின் பேத்தி, என் பழைய மாணவி, தன் குடும்ப வரலாற்றை எழுதி வந்து காட்டினாள். அவ்வரி அப்படியே இருந்தது. சான்று: நினைவு மலர்.

ராஜுலா கட்டப்பட்டதே 1926-இல்தான். ஆகவே ஆண்டு தவறு. அன்றேல் கப்பல் தவறு. பல்லாண்டுகள் இவ்வழியில் ஓடிய கப்பலாதலால், முன்னோர் எதில் வந்திருந்தாலும் பிள்ளைகள் வாயில் அது ராஜுலா ஆகிவிடுகிறது. அவ்வரியை எழுதியவன் வேறு யாருமல்லன், நானே. இழவு வீட்டில் சொன்னதைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் எழுதியதாயிற்றே என்று எவரும் ஐயுறவில்லை.

அதற்காக மலர் முழுவதையும் தள்ளிவிடலாமா? கூடாது. ஒவ்வொரு செய்தியையும் தனியே எடுத்து, சொன்னவர் யார், நேரில் அறிந்தவரா, எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார் என்று வினவுதல் வேண்டும். பெரியவர் இறந்த நாள் உறுதி, வீட்டார் அருகிலிருந்தனர். பிறந்த நாளோ அடையாளக் கார்டைப் பார்த்து எழுதியது. மலாயாவில் அக்கார்டு அவசரகாலம் தொடங்கிய 1948-இல் வந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாத தோட்டத்து மக்கள் பலர் மதிப்பாக ஒரு வயதைச் சொல்லிப் பதிந்துகொண்டனர். அந்தக் கார்டைப் பார்த்து இறப்புப் பத்திரம், அதைப் பார்த்து நாளிதழில் இரங்கல் அறிவிப்பு, பிறகு மலர். நான்கு இடத்தில் ஒரே நாள் இருப்பதனால் சாட்சிகள் நால்வர் ஆகிவிடார். சொன்னவர் ஒருவரே, ஏனையவை படியெடுத்தவை.

புகழ்ச்சிப் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இறந்தவரைக் குறைகூறி எவரும் மலர் வெளியிடுவதில்லை.

“அந்த வரியை அடித்துவிடட்டுமா, ஐயா?” என்று கேட்டாள். வேண்டா, ‘குடும்பத்தார் கூற்று’ எனக் குறித்து, ஐயத்தையும் பக்கத்திலேயே எழுது என்றேன். பெரியவரின் தமக்கையார் இங்கேயே தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பதிவு கிடைத்து, அது 1926-க்கு முற்பட்டதாயின், கப்பல்தான் தவறு. அப்பதிவின் படிக்கு இப்போது விண்ணப்பித்திருக்கிறாள்.