ஒலிபெருக்கியும் ஒலிச் சுருக்கமும்

கோயில் திருவிழாவாயினும், பள்ளிவாசல் பயானாயினும், தேவாலயப் பெருநாளாயினும் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் ஒலிபெருக்கி பற்றிய மனக்கசப்பு எழுவது புதிதல்ல. “சத்தத்தைக் கூட்டவே இல்லை” என்பார் ஏற்பாட்டாளர். “சென்ற ஆண்டைவிடக் காதைத் துளைக்கிறது” என்பார் அயலவர். இருவர் கூற்றும் உண்மையாயிருக்கக்கூடும் என்பதே விந்தை. காரணம், ஒலி அமைப்பாளரின் மேசையில் இருக்கும் கம்பிரசர் என்னும் ஒலிச்சுருக்கி.

பாடல் கோப்புகளைச் சிறிதாக்கும் எம்.பி.3 முறையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இங்கு சுருங்குவது, பேச்சின் உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையிலான தூரமே.

இக்கருவி இம்மாவட்டத்துக்கு அந்நியமானதன்று. ஜேர்மனியின் டொச்சே வெல்லே வானொலி 1980களிலிருந்து பல ஆண்டுகள் திருகோணமலையில் அஞ்சல் நிலையமொன்றை இயக்கி வந்தது. பின்னர் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்புக்கு வந்தது. சிற்றலை, மத்திய அலை ஒலிபரப்பில் குரல் ஓர் உச்சத்தைத் தாண்டினால் ஒலி சிதையும். தாழ்ந்தால் வானொலிப் பெட்டியின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். ஆகவே இத்தகைய ஒலிபரப்பில் குரலைச் சுருக்கி அனுப்புவது நீண்டகால வழக்கம்.

கம்பிரசரில் முதன்மையானவை இரண்டு குமிழ்கள். ஒன்று வரம்பு, ஒலி எந்த அளவைத் தாண்டும்போது கருவி தலையிட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மற்றது விகிதம், தாண்டிய பகுதியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. விகிதம் 4க்கு 1 எனில், வரம்புக்கு மேல் 4 டெசிபல் எழும் ஒலி 1 டெசிபல் மட்டுமே எழ அனுமதிக்கப்படும். வரம்புக்குக் கீழே இருப்பதைக் கருவி தொடுவதில்லை.

உதாரணமாக, கருவி தாங்கும் உச்சத்தைப் பூச்சியம் எனக் கொள்வோம். வரம்பு அதற்கு 20 டெசிபல் கீழே வைக்கப்பட்டுள்ளது. பேச்சாளரின் உரத்த சொல் உச்சத்துக்கு 4 டெசிபல் கீழே வருகிறது. அதாவது வரம்பை 16 டெசிபல் தாண்டுகிறது. 4க்கு 1 என்னும் விகிதத்தில் அந்த 16 டெசிபல் 4 ஆகிவிடும். உச்சத்துக்கு 26 டெசிபல் கீழே ஒலித்த மெல்லிய சொல்லோ அப்படியே நிற்கும். இரண்டுக்கும் இடையே 22 ஆக இருந்த வேறுபாடு இப்போது வெறும் 10.

சிக்கல் இதன் பின்னரே தொடங்குகிறது. குறைந்துபோன 12 டெசிபலை ஈடுசெய்ய ஒலி அமைப்பாளர் முழு ஒலியையும் மேலே தூக்குகிறார். உரத்த சொல் பழைய இடத்துக்கே மீள்கிறது. ஆனால் மெல்லிய சொல் 12 டெசிபல் உயர்ந்துவிட்டது; சக்தியில் இது ஏறத்தாழ 16 மடங்கு. மின்விசிறியின் இரைச்சல், கூட்டத்தின் சலசலப்பு, பேச்சாளரின் மூச்சு ஆகிய யாவும் அதனுடன் சேர்ந்து உயரும். உச்சம் மாறவில்லை, சராசரி ஏறிவிட்டது. ஏற்பாட்டாளர் உச்சத்தைக் காட்டும் ஊசியைப் பார்க்கிறார், அயலவர் சராசரியைக் கேட்கிறார்.

1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் குறிப்பிட்ட நேரத்துக்கான சராசரி ஒலிச் சக்தியையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி வழங்கலாகாது என்றது. விசேட மத நிகழ்வுகளுக்கு அயலவரின் கருத்தறிந்து மட்டுப்படுத்தப்பட்ட நேரத்துக்கு அனுமதி வழங்க இடமளித்தது. பகலிலும் ஒலி நிகழ்விடத்தின் எல்லையைத் தாண்டலாகாது என்பதே அத்தீர்ப்பின் போக்கு. அமைதியான இரவில் நீர்ப்பரப்பின் மீது குளிர்ந்த காற்று படிந்திருக்கையில் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்லும். கொட்டியாரக் குடாவைச் சூழ வாழ்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

கம்பிரசரைத் தவிர்க்க வேண்டும் என்பது எமது வாதமன்று. ஒலிவாங்கியை விட்டு விலகியும் நெருங்கியும் பேசுபவரின் சொல் பின்வரிசையில் இருக்கும் முதியவருக்கும் விளங்க அது உதவுகிறது. பேச்சுக்கு 2 அல்லது 3க்கு 1 என்னும் விகிதம் பெரும்பாலும் போதும். 10க்கு 1 என்பதும் அதற்கு மேற்பட்டதும் கருவியைக் காக்கும் அணை. அதனைத் தாழ்ந்த வரம்போடு சேர்த்து எப்போதும் இயங்க விட்டால் பாங்கொலியின் ஏற்ற இறக்கமும் தேவாரப் பண்ணின் நெளிவும் ஒரே தட்டையாகிவிடும். நம் ஊர் மேடைகளில் நடப்பது பெரும்பாலும் இதுவே.

நிகழ்ச்சிக்கு முன் பேச்சாளரை அவரது உரத்த குரலில் ஒரு வாக்கியம் பேசவைத்து, அந்த உரத்த சொற்கள் மட்டும் வரம்பைத் தாண்டுமாறு குமிழைத் திருப்ப வேண்டும். ஒலியை மேலே தூக்கும் குமிழைத் தொடுவது இறுதியாகவே. அப்போது ஒருவர் மேசையருகில் அல்ல, வளாகத்தின் மதிலுக்கு வெளியே நின்று கேட்டுச் சொல்ல வேண்டும்.