லியோனிக்கு முன்பே கௌபாய் படம் எடுத்த ஸ்பெயின்காரர்: யார் இந்த ரொமேரோ மார்சென்ட்?

'ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்' என்றதும் நினைவுக்கு வருவது யார்? வாயில் சுருட்டும் தோளில் போர்வையுமாக வரும் கிளின்ட் ஈஸ்ட்வுட். படம், 1964-ல் வெளியான 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்'. இயக்குநர், இத்தாலியின் செர்ஜியோ லியோனி.

ஆனால், அந்தப் படத்தில் துப்பாக்கிச் சண்டை நடக்கும் ஊர்த்தெரு லியோனிக்காகப் போட்ட செட் இல்லை. மாட்ரிட் அருகே ஓயோ தெ மன்சனாரெஸ் என்ற ஊரில், ஒரு ஸோரோ படத்துக்காக ஏற்கெனவே போட்டிருந்த செட் அது. அந்த ஸோரோ படத்தை இயக்கியவர்தான் ஹோவாகின் லூயிஸ் ரொமேரோ மார்சென்ட்.

லியோனிக்கு முன்னால்...

1921-ல் மாட்ரிடில் பிறந்தவர். ஸ்பெயினில் சக்கைப்போடு போட்ட ஹோசே மயோர்க்கியின் 'எல் கொயோத்தே' நாவல்களை 1950-களிலேயே படமாக்கினார். சகோதரர் ரஃபேலும் பின்னாளில் வெஸ்டர்ன் இயக்குநரானார்.

1963-ல் வந்த படம் 'கன்ஃபைட் அட் ஹை நூன்'. அப்பாவைக் கொன்றவர்களைப் பழிவாங்கத் துடிக்கும் மூன்று அண்ணன் தம்பிகளின் கதை. சட்டமா, துப்பாக்கியா என்பதில்தான் மூவருக்கும் முட்டிக்கொள்ளும். அடுத்து வந்த 'செவன் ஃப்ரம் டெக்சாஸ்' படத்தில், சாகக் கிடக்கும் பெண்ணைச் சிகிச்சைக்காகப் பாலைவனம் வழியே கூட்டிப்போகிறார்கள். அவள் கணவனும் முன்னாள் காதலனும் ஒரே பயணத்தில்!

அப்போ ஏன் பெயர் கிடைக்கவில்லை?

அவருடைய ஆரம்பகாலப் படங்கள் ஹாலிவுட் பாணியில் இருந்தன. குடும்பம், பாசம், நியாயம் எல்லாம் உண்டு. லியோனி அதையெல்லாம் தூக்கிப்போட்டார். பணத்துக்காக இரண்டு பக்கமும் விலைபோகும் ஹீரோ, முகத்தை மட்டும் காட்டும் குளோசப், எனியோ மோரிகோனியின் விசில் சத்தம். உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. பெயரும் 'ஸ்பாகெட்டி' என்றே நிலைத்தது. ஸ்பெயின் வெறும் லொகேஷன் ஆகிவிட்டது.

தங்கச் சங்கிலி

1972-ல் அவரே தன் பாணியை உடைத்தார். படம், 'கட்-த்ரோட்ஸ் நைன்'. பனி மலையில் கைதிகளைக் கூட்டிப்போகிறார் ஒரு சார்ஜென்ட். கூடவே மகளும். கைதிகளைக் கட்டியிருக்கும் சங்கிலியே தங்கம் என்று தெரிந்ததும் ஆரம்பிக்கிறது ரத்தக்களரி. ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்களிலேயே மிகக் கொடூரமானவற்றில் ஒன்று என்று இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

1976-ல் தொடங்கிய டிவி தொடர் 'குரோ ஹிமெனெஸ்', ஸ்பெயினில் பெரிய ஹிட். ஆண்டலூசியக் கொள்ளைக்காரனின் கதை. அதன் இயக்குநர்களில் இவரும் ஒருவர். இந்த முறை குதிரை ஓடியது டெக்சாஸில் இல்லை, சொந்த மண்ணில்.

2012-ல் மறைந்தார். இவர் படங்களைப் பார்க்க ஆசையா? 'கன்ஃபைட் அட் ஹை நூன்' நல்ல தொடக்கம். 'கட்-த்ரோட்ஸ் நைன்' மட்டும் சாப்பிடும்போது வேண்டாம்!