புகைப்பழக்கம் நீக்கும் மருத்துவம்: இனி ஆராய வேண்டுவன

புகைத்தலை விடமாட்டாதவனை மனவுறுதியற்றவன் என்று பழித்தல் உலக வழக்கு. மருத்துவ நூலோர் அங்ஙனங் கூறார். புகையிலையிலுள்ள நிக்கொற்றின் என்னும் நச்சுப்பொருள், புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் மூளையை அடைந்து இன்பவுணர்ச்சியைத் தூண்டுகின்றது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகின்றது; அது கிட்டாதபொழுது சினமும் சோர்வும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன. ஆதலின் இது பழித்துத் திருத்தத்தக்க குற்றமன்று. மருந்திட்டுத் தீர்க்கத்தக்க நோயாகும்.

விடுதலாற் பயனுண்டோவெனின், உண்டு. றிச்சட் டொல், பிறட்போட் ஹில் என்னும் அறிஞரிருவர் 1951 ஆம் ஆண்டிலே பிரித்தானிய வைத்தியர்களிடத்துத் தொடங்கிய ஆராய்ச்சியின் ஐம்பதாண்டு முடிபுகள் 2004 இல் வெளிவந்தன. தொடர்ந்து சிகரெற் புகைத்தோர், புகையாதோரிலும் ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே இறந்தனர். அறுபது வயதில் விட்டோர் 3 ஆண்டும், ஐம்பதில் விட்டோர் 6 ஆண்டும், நாற்பதில் விட்டோர் 9 ஆண்டும் ஆயுளை மீட்டனர். காலங் கடந்ததென்று கைசோர்தற்கு இடமில்லை.

நிக்கொற்றின் அடங்கிய சுவிங்கம், தோலில் ஒட்டும் பட்டி, புப்புறொப்பியன், வரெனிக்கிளீன், சைற்றிசீன் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைக்கின்றது. எனினும், இவற்றைப் பெற்றோருள்ளும் பெரும்பாலோர் ஓராண்டினுள் மீண்டும் புகைக்கின்றனர். ஆதலின், ஆராய வேண்டுவன நான்கு.

முதலாவது, விட்ட நிலையில் நிற்றல். ஒருநாள் விடுதல் பலர்க்கும் எளிது; நண்பர் நீட்டும்போது மறுத்தலே அரிது. மீளவும் வீழாமற் காக்கும் முறைகள் இன்னும் செவ்வனே அறியப்படவில்லை.

இரண்டாவது, ஏழைக்கும் எட்டும் மருந்து. சைற்றிசீன் ஒரு மரத்தின் விதையிலிருந்து பெறப்படுவது, விலை குறைந்தது. போலந்தில் 740 பேரிடம் நடத்திய சோதனையில் (2011), அம்மருந்தை உண்டோருள் நூற்றுக்கு 8.4 பேரும், போலி மாத்திரை உண்டோருள் 2.4 பேரும் ஓராண்டு புகையாதிருந்தனர். ஆனால், வங்காளதேசத்திலும் பாகிஸ்தானிலும் சயரோகிகளிடம் நடத்திய சோதனையில் (2020) இரு சாராருள்ளும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் விட்டனர். மருந்தால் தெளிவான வேறுபாடு தோன்றவில்லை. இரு சாராரும் அறிவுரை பெற்றிருந்தனர். அவர்களை மீட்டது அவ்வறிவுரையோ, நோயச்சமோ? இவ்வினாவிற்கு விடை காணுதல் வேண்டும்.

மூன்றாவது, நம்மவர் பழக்கம். சோதனைகளுட் பெரும்பாலானவை சிகரெற் புகைப்போரைப் பற்றியனவே. சுருட்டும் பீடியும் புகைப்போர்க்கும், வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர்க்கும் அவை எத்துணைப் பொருந்துமென்பது தனியே ஆராயற்பாலது. புகையிலைச் செய்கைக்கும் சுருட்டுத் தொழிலுக்கும் பேர்பெற்ற யாழ்ப்பாணத்தார்க்கு இது நன்கு விளங்கும்.

நான்காவது, இளைஞர். மருந்துகள் பெரிதும் வளர்ந்தோரிடமே சோதிக்கப்பட்டன. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு உறுதியாகப் பயன்றரும் சிகிச்சை இதுவெனத் துணிதற்குச் சான்று போதாது. பழக்கமோ பெரும்பாலும் அவ்விளமையிலேயே பற்றுகின்றது.

இலங்கை 2006 இல் புகையிலையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. சட்டம் வேலியாகும், வேலி தாண்டிச் சிக்கியோரை மீட்பது மருத்துவமே. நங்கல்லூரியிலிருந்து மருத்துவம் பயிலச் செல்லும் மாணவருள் ஒருவரேனும் இவ்வினாக்களுள் ஒன்றை மேற்கொள்வாராயின், அது கல்லூரித் தாய்க்கு அவர் சூட்டும் நல்லணியாகும். ஏனையோர், விட முயன்று தோற்ற நண்பரை எள்ளாது, மீண்டும் முயலுமாறு துணைநிற்பாராக.