சிதறிய ஒளியில் தெளியும் உருவம்

திருவட்டாற்றை வளைந்தோடும் பறளியாற்றில் நீர் தெளிந்திருக்கும் நாளில் கரையில் நின்று பாருங்கள். அடியிற் கிடக்கும் கூழாங்கல் நெளிகிறது, இரண்டாகிறது, மீண்டும் ஒன்றாகிறது. கல் அசையவில்லை, இடையிலுள்ள நீரே அசைகிறது. விண்மீன் மினுக்குவதும் இவ்வாறே. அங்கு நீருக்குப் பதிலாகக் காற்று நிற்கிறது.

சவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. 1986-ஆம் ஆண்டு அங்குத் திறந்துவைக்கப்பெற்ற பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவுடையது. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு விகலை எனப்படும். விகலையில் 0.06 பங்கே இடைவெளியுடைய இரு விண்மீன்களையும் அவ்வாடி பிரித்துக் காட்ட வல்லது. ஆயினும், கலங்கும் காற்று ஒளியைப் பரப்பிவிடுதலால், நெடுநேரம் எடுத்த படத்தில் ஒரு விகலைக்கும் குறையாத அகலமுடைய மங்கல் திட்டே விழுகிறது. ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆடி காட்டும் நுட்பமே கிட்டும். பெரிய ஆடி ஒளியை மிகுதியாகத் திரட்டுகிறது; கூர்மையோ காற்றோடு போய்விடுகிறது.

1970-இல் இதற்கு வழி கண்டவர் ஆந்துவான் லபேரி என்னும் பிரெஞ்சு அறிஞர். வினாடியில் ஐம்பதிலோ நூறிலோ ஒரு பங்கு நேரத்திற் படமெடுத்தால், அதற்குள் காற்றின் அசைவு பெரிதும் மாறாது. படத்தில் மங்கல் திட்டுக்கு மாறாக நுண்புள்ளிகள் பல சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் முழு ஆடியின் கூர்மையுடையது. விண்மீன் இரட்டையாயின், ஒவ்வொரு புள்ளிக்கும் அதே திசையில், அதே தொலைவில் ஓர் இணைப்புள்ளி இருக்கும். புள்ளிகளின் கோலம் படத்துக்குப் படம் மாறும். இணைகளின் இடைவெளி மாறாது.

படங்களை அப்படியே கூட்டினால் பழைய மங்கலே மிஞ்சும். ஒவ்வொரு படத்திலும் புள்ளிகளின் இடைவெளிகளைக் கணக்கிட்டு, அக்கணக்குகளைக் கூட்டினால், தற்செயலானவை தேய்ந்து, உண்மை இடைவெளி ஓங்கி நிற்கும். இதனை ஸ்பெக்கிள் இன்டர்ஃபெராமெட்ரி என்பர். இரண்டில் எது எப்பக்கம் என்பதை இவ்வெளிய கணக்கு சொல்லாது. அதற்கு வேறு கணக்குகள் வேண்டும். 1990-களில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் இதற்குரிய கருவியைக் காவலூர்த் தொலைநோக்கியிற் பொருத்தி, நெருங்கிய இரட்டை விண்மீன்களை ஆராய்ந்தனர்.

இத்துணை உழைப்பு எதற்காக? இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும் காலமும், அவற்றின் இடைவெளியும், நம்மிடமிருந்து அவை உள்ள தொலைவும் தெரிந்தால், அவற்றின் எடையை அறியலாம். எடை மிகுந்த விண்மீன் விரைவில் எரிந்து தீரும். குறைந்தது நெடுங்காலம் வாழும். ஆகவே, அச்சிறு புள்ளிகளின் இடைவெளியை அளத்தல் விண்மீனின் ஆயுளை அளப்பதற்கு முதற்படியாகும்.