வேர்க்கால்வாய் நிரப்புபொருள்களும் அழற்சியும்

வேர்க்கால்வாய் நிரப்புபொருள் என்பது, பற்கூழ் அகற்றப்பட்ட பல்வேரின் உட்குழாயை அடைக்கும் பொருளாகும். இச்சிகிச்சை பேச்சுவழக்கில் ரூட் கெனால் எனப்படுகிறது. நிரப்புபொருள் வேர்நுனியைத் தாண்டி வெளியேறினால் சுற்றியுள்ள இழையத்தில் அழற்சி தோன்றலாம்.

பரவலாகப் பயன்படுவது கட்டாபெர்ச்சா. பெயர் மரப்பாலுடையது எனினும், இக்குச்சிகளின் எடையில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடே. வெளியேறிய பெரிய துண்டை உடல் நாருறையால் மூடிவிடுகிறது. நுண்துகள்களையோ பெருவிழுங்கி உயிரணுக்கள் சூழ்வதால் அழற்சி நீடிக்கிறது.

குச்சியுடன் இடப்படும் துத்தநாக ஆக்சைடு-யூஜினால் பசை, இறுகும் முன்பே கூடுதலாக உறுத்துகிறது. செட்டிநாட்டுச் சமையலில் மணக்கும் கிராம்பின் எண்ணெயில் உள்ளதே யூஜினால். சிறிதளவில் வலி தணிக்கும், மிகுந்தால் உயிரணுக்களைக் கொல்லும். பாராபார்மால்டிகைடு கலந்த பசைகள் இன்னும் கொடியவை. அவை கீழ்த்தாடை நரம்பை எட்டியதால் உதடு நிலையாக மரத்துப்போனவர்கள் உண்டு.

1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்.டி.ஏ. சிமெண்ட் இழையத்துடன் நன்கு இணங்குகிறது. எனினும் கால்வாயில் பாக்டீரியா எஞ்சியிருந்தால் எப்பொருளாலும் அழற்சி ஆறாது.